பத்து என்று நான் சொல்லவில்லை

அரியலூர்,
24.10.1999, ஞாயிறு.

அன்பு மகன் அறிவழகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ கடல் கடந்த அந்த ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பா சுகம். நான் இடது கை நீங்கலாக சுகம். இதுவரை எழுதிய கடிதங்களில் எல்லாம் நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதி, இந்தக் கையையும் அந்த அனைவரில் அடக்கிவிட்டேன், இனிமேல் அப்படி எழுதுவதாக இல்லை. விக்கிரமங்கலம் நிலத்தில் கடலை பிடுங்கியாயிற்று, காய் சுமார்தான், மழை இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மழை என்றாலே என் விரல்களுக்குக் கொண்டாட்டம், கடுக்கத் தொடங்கிவிடும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. உனக்கு வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வாரிசு வேலை வராது. மெடிக்கல் போர்டில் என்னை வேலைக்குத் தகுதி என்று எழுதிவிட்டார்கள், ஆர்டர் முந்தாநாள் ஆபீஸுக்கு வந்துவிட்டது. அப்படி எழுத வைத்தது நான்தான். வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது நான் தூங்குகிறேன் என்று அப்பா சொன்னாரே, நான் தூங்கவில்லை, போன் இருக்கிற சித்தப்பா வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், போனை என்னிடம் தரவில்லை. வேறு யார் வாயாலும் உனக்கு இது தெரிய வேண்டாம் என்றுதான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் உன் காதுக்கு வந்ததெல்லாம் அப்பாவும் பாலசுந்தரம் சித்தப்பாவும் வடிகட்டி அனுப்பியது. போன வருஷம் சித்திரையில், தாலுகா ஆபீஸில் ஜமாபந்திக் கணக்குத் தணிக்கைக்கு முந்தைய வேலை தலைக்கு மேல் கிடந்த நேரம், டைப் மெஷினில் ஒரு ஸ்டென்சில் அடித்துக்கொண்டிருக்கும்போதே என் இடது கை மெஷின் மேல் தொப்பென்று விழுந்தது. அது என் கை என்றே எனக்குத் தெரியவில்லை, யாரோ பக்கத்தில் நின்று மெஷின் மேல் கையை வைக்கிறார்கள் என்று நினைத்து, எடுங்க சார், வேலை ஓடுதுல்ல, என்று கத்தினேனாம். இப்போதும் ஆபீஸில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும். திருச்சியில் பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தேன். வாய்க் கோணல் சரியானது, காலை இழுத்து இழுத்து நடக்க வந்தது. தட்டில் இடது பக்கம் வைத்த பொரியல் என் கண்ணிலேயே படாது, வலது பக்கச் சோற்றை மட்டும் வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடுங்க என்பேன், அப்பா தட்டைத் திருப்பி வைப்பார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை, உன் அப்பா மோசமான மனுஷர் என்று எழுத நான் உட்காரவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் வலி வந்தது. தோளில் ஒரு வலி, கையில் வேறொரு வலி. தோள் வலி அசைத்தால் மட்டும் வரும், யாரோ கழற்றி எடுக்கிற மாதிரி. கை வலிக்கு அசைக்கவே வேண்டாம். பச்சை மிளகாய் அரைத்த கையை அடுப்பில் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி எரியும். புறங்கை பளபளவென்று வீங்கி, வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். முந்தானை உரசினால் போதும், ஐயோ என்று கத்திவிடுவேன். பார்க்க வந்தவர்கள் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா, நல்லவேளை, இடது கை. டைப் அடிக்கிறவளுக்கு இடது கை என்றால் பாதி மெஷின் என்று யாருக்குத் தெரிகிறது. இன்னும் பாதிப் பேர், வாதம் வந்த கை மரத்துக் கிடக்குது, அதுல போய் வலி எப்படிம்மா வரும், எல்லாம் மனசுதான் என்றார்கள். கீழப்பழுவூரிலிருந்து உன் கலியம்மாள் அத்தை வாரா வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டு புறாவோடு வந்து இறங்குவாள். கறி எனக்கு, ரத்தம் என் கைக்கு. சூடு ஆறும் முன்னே தேய்த்து, விரல் விரலாக இழுத்துச் சொடக்கெடுத்து, தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவாள் பார், உயிர் போய் வரும். நான் கத்தினால், வலிச்சாத்தான் உசுரு வருதுன்னு அர்த்தம், கத்து கத்து என்பாள். அவள் பாசத்தில்தான் செய்தாள், ஆனால் அந்தப் புறா ரத்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நீயும்தான், போனில் வலிக்குதுடா என்று சொன்னபோதெல்லாம், மனசைத் தைரியமா வச்சுக்கம்மா என்றாய். என் மனசு தைரியமாகத்தான் இருந்தது, கைதான் வலித்தது.

இந்தத் தை மாதம் நர்மதா வந்தாள். பிசியோதெரபி படித்த பெண், செவ்வாயும் வெள்ளியும் திருச்சியிலிருந்து பஸ் ஏறி இங்கே ஒரு கிளினிக்கில் வந்து உட்காருகிறாள். உன்னைவிட இரண்டு வயசு பெரியவளாக இருப்பாள், ஒல்லி, மூக்கு மேல் கோபம், எனக்குப் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று. முதல் நாள் அவள் என்னைப் பார்த்து, வலி பத்துக்கு எத்தனைம்மா இருக்கும் என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன் அப்பா, ரெண்டு மூணு இருக்குங்க என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஒன்பது மாதமாக எந்த டாக்டர் என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொல்லிப் பழகியிருந்தார், நானும் விட்டுப் பழகியிருந்தேன். நர்மதா பேனாவை மூடி வைத்துவிட்டு, சார், வலி உங்களுக்கா அவங்களுக்கா, கொஞ்சம் வெளியில உட்காருங்க என்றாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் என் சார்பாக இவரை வெளியே உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

பிறகு ஒரு காகிதத்தில் படுக்கைவசமாகக் கோடு போட்டாள். இந்த முனை வலியே இல்லை, அந்த முனை இதற்கு மேல் தாங்க முடியாது, உங்க வலி எங்க நிக்குதோ அங்க ஒரு புள்ளி வைங்க என்றாள். வைத்தேன். அடுத்த முறையும் வைத்தேன். நாலு தடவை வைத்த பிறகு அவள் நாலு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன நாளும் அதே இடம், செத்தேன் என்று சொன்ன நாளும் அதே இடம். கோட்டை நட்டுக்குத்தலாக, காய்ச்சல் பார்க்கிற குழாய் மாதிரி நிற்க வைத்துப் போட்டாள். அன்றைக்கு வலி கம்மி, புள்ளி நாலில் வந்து நின்றது. விஷயம் என்னவென்றால் தம்பி, பொரியல் தெரியாத அதே கோளாறுதான். படுத்த கோட்டில் இடது பாதி எனக்குக் கோடே இல்லை, மிச்சப் பாதியின் நடுவில் நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். என் வலியை அளக்கவே ஒருத்தி காகிதத்தைத் திருப்ப வேண்டியிருந்தது பார். அதன் பிறகு அவள் கேட்ட கேள்விகளை என்னிடம் எந்த இன்டர்வியூவிலும் கேட்டதில்லை. எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா. காலையிலா, சாயங்காலமா. துணி பட்டால் எப்படி, பஞ்சு பட்டால் எப்படி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் எப்படி. தூக்கம் கலைகிறதா. வலியால் எந்த வேலையை விட்டீர்கள், வலித்தாலும் எந்த வேலையைச் செய்கிறீர்கள். இரண்டு மணிக்கட்டையும் டேப் வைத்து அளந்தாள், இரண்டு கையின் சூட்டையும் தொட்டுப் பார்த்தாள், தோளை மெதுவாகத் தூக்கி, வலி தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தையும் எழுதிக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், வலிக்குதாம்மா என்றாள். இல்லம்மா, நீ கேட்டியே, அதுக்குத்தான் என்றேன்.

தோளைப் பிடித்து இழுத்து இழுத்தே மூட்டு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இனிமேல் யாரும் இந்தக் கையைப் பிடித்து என்னைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள். புறாக்கள் பிழைத்தன. கைக்குத் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னாள், சின்னச் சின்னப் பயிற்சி கொடுத்தாள், டாக்டரிடம் சொல்லி மாத்திரை மாற்றினாள். வலி போகவில்லை, குறைந்தது. மோசமான நாளில் எட்டில் இருந்தது ஐந்துக்கு வந்தது, சில நாள் மூன்று. தினமும் மூன்று வேளை நம்பரும், அன்று என்ன செய்தேன் என்பதும் நோட்டில் எழுதி வரச் சொன்னாள். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, இருபத்தேழு வருஷம் நகல் இல்லாமல் ஒரு காகிதம் என் கையை விட்டுப் போனதில்லை. அடியில் கார்பன் வைத்து எழுதி, நகலை வாரா வாரம் நர்மதாவிடம் கொடுத்துவிடுவேன். வைகாசியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜானகி நடத்துகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குச் சாயங்காலம் போகத் தொடங்கினேன். பதினாறு வயசுப் பிள்ளைகள் நடுவில் நான் ஒருத்தி, முதல் பாடத்திலிருந்து. இடது கையில் இரண்டு விரல்தான் சொன்னபடி கேட்கும். முதல் நாள் கால் மணி நேரத்தில் நாலு வரி, ஹையர் முதல் வகுப்பில் பாஸ் செய்தவள் நான், நாலு வரி. அடிக்கும் முன் நம்பர், அடித்த பின் நம்பர், இரண்டையும் நோட்டில் எழுதினேன். ஆறு வாரத்தில் ஒரு பக்கம் வந்தது. உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அப்பாவிடமே கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஆவணியில் மெடிக்கல் லீவு முடிகிற நாள் கிட்டே வந்தது. ஒருநாள் பாலசுந்தரம் சித்தப்பா யூனியன் ஆபீஸிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து, அண்ணி, நமக்கு ஒரு யோகம் வந்துருக்கு என்கிறார். என்ன யோகம் என்றால், போர்டில் என்னை இனி வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால், என் வயசு வரம்புக்குள் இருப்பதால், பிள்ளைக்கு வாரிசு வேலை கேட்கலாமாம். எனக்கு வாதம் வந்ததை யோகம் என்று சொன்ன ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருக்கும். அன்றைக்கு இந்த வீட்டில் நடந்த அதிசயத்தைக் கேள். ஒன்றரை வருஷமாக யார் கண்ணுக்கும் தெரியாத என் வலி, அந்தச் சாயங்காலமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா நான் தண்ணீர்ச் செம்பைத் தொட்டால், விடு விடு, கை வலிக்கப் போகுது என்கிறார். கலியம்மாள் அத்தை, பாவம், துடிக்கிறா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறாள், கவர்மென்ட் உத்தியோகம் வந்தால் தன் மகள் மலர்கொடியை உனக்குத் தரலாம் என்கிற கணக்கு அவளுக்கு. ஒத்திகை வேறு நடந்தது. சித்தப்பா டாக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், எதைக் கேட்டாலும் நான் பத்து என்று சொல்ல வேண்டும், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கக் கூடாது, முகத்தைச் சுளிக்க வேண்டும். நான் சுளித்த சுளிப்பு அவருக்குப் போதவில்லையாம், அண்ணி, இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிங்க என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பல்லைக் கடிக்கச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

அப்புறம் உன் கடிதம் வந்தது. வலிக்கிறது உண்மைதானேம்மா, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன ஆகிவிடும், நான் ஊருக்கே வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுப்பதும், மத்தியானம் கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போவதும் எழுதியிருந்தாய். தம்பி, நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. போர்டுக்குப் போவதற்கு முதல் நாள் தனியாகக் கண்ணாடி முன் நின்று பத்து என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. உன் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன், இன்னும் நன்றாக வந்தது. பஸ் ஏறும் வரை எந்த நம்பரைச் சொல்வது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை, இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

போர்டில் மூன்று டாக்டர்கள். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நடுவில் இருந்த நரைத்த தலைக்காரர் அப்பா அடுக்கிக் கொடுத்த பையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், நோட்டைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏம்மா, அறுபது நாளா காலையில பத்து, மத்தியானம் பத்து, ராத்திரி பத்து, ஒரு நாள்கூட ஒன்பது வரலியா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் நோட்டு இல்லை. அதே அட்டை, அதே கோடு, உள்ளே சித்தப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் பத்து பத்து பத்து. அப்பாவும் அவரும் உட்கார்ந்து புது நோட்டு எழுதி, என் நோட்டை எடுத்துவிட்டு அதை வைத்திருக்கிறார்கள். எல்லாம் பத்தாகப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நினைத்த அந்தப் புத்தியை என்ன சொல்ல. டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பத்து வலி இருக்கிறவங்க இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பேச மாட்டாங்கம்மா என்றார். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றுவிட்டது. வலியே இல்லாதவள், வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்க வந்தவள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஒன்றரை வருஷம் சொந்த ஜனம் நம்பவில்லை, இப்போது வெளி ஜனமும் நம்பாது, அதுவும் எங்கள் வீட்டுப் பொய்யால். அந்த நிமிஷம் எனக்கு எந்த நம்பர் என்று தெரிந்துவிட்டது.

சார், இது என் கையெழுத்து இல்லை என்றேன். யாருது என்றார். எங்க வூட்டுல உள்ளவங்க எழுதினது, எம் பையனுக்கு வேலை கிடைக்கும்னு எழுதினது, என் வலி இதுல இல்லை என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன், குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நர்மதா டாக்டரிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்த கவர் என் கைப்பையில் இருந்தது. அவளுடைய கடிதமும் என் நகல்களும். பிரித்துப் படித்தார். நாலு, ஆறு, ஐந்து, மூன்று, ஏழு. பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றிய அன்றைக்கு ஒன்பது, பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறேன். அவர் எழுந்து வந்து, நர்மதா பார்த்த மாதிரியே எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். பஞ்சால் புறங்கையைத் தொட்டபோது நான் நாற்காலியோடு பின்னால் போனேன், அதற்கு ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை. படுத்த கோடு போட்டுக் காகிதத்தைத் தள்ளினார், நான் அதைத் திருப்பி நிற்க வைத்துக்கொண்டு ஐந்தில் புள்ளி வைத்தேன். ஏன் திருப்புறீங்க என்றார், சொன்னேன், குறித்துக்கொண்டார். கடைசியில், வலி இருக்கும்மா, நிஜமாவே இருக்கு, அப்ப வேலை செய்ய முடியாதுன்னுதானே எழுதணும் என்றார். பார்த்தாயா, அந்த இடத்தில் நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். வேலை உனக்கு வந்திருக்கும்.

நான் தலையாட்டவில்லை. வலிக்குதான்னு கேட்டீங்க, வலிக்குது, வேலை செய்வியான்னு இன்னும் கேட்கவே இல்லையே சார் என்றேன். ஒரு தமிழ் மெஷின் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து அறையில் இருந்த கிளார்க்கை எழுப்பி அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ரிப்பன் மங்கல், ஒரு எழுத்து சிக்கிக்கொள்கிறது, இருந்தாலும் அடித்தேன். வலது கை முழுசாக, இடது கையில் இரண்டு விரல். அவர் கொடுத்த ஒரு பக்கத்தைப் பதினெட்டு நிமிஷத்தில் அடித்து முடித்தேன், முன்பு ஏழு நிமிஷம் ஆகும். இரண்டு பிழை, இரண்டையும் திருத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை, கொட்டட்டும் என்று விட்டுவிட்டேன். காகிதத்தின் அடியில், வலி தொடங்கும் முன் ஐந்து, முடிந்த பின் ஏழு என்று அடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தன் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். பணியில் சேரத் தகுதி, வலிக்கான சிகிச்சை தொடர வேண்டும், வேலையின் இடையில் ஓய்வு தர வேண்டும் என்று இப்போது ஆபீஸுக்கு வந்திருக்கிறது.

திரும்பி வரும்போது அப்பா முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கீழப்பழுவூரில் பஸ் நின்றதும் இறங்கி, ஒரு டீ வாங்கி வந்து, என் வலது கையில் கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் போய்விட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் வெடித்தார். பிள்ள அங்க வெயில்ல வேகுறான், ஒரு பத்துன்னு சொல்ல உனக்கு வாய் வரலியா, பெத்தவதானே நீ என்றார். நான் சொன்னேன், ஒன்றரை வருஷமா வலிக்குதுங்க வலிக்குதுங்கன்னு சொன்னேன், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலியே, இப்ப மட்டும் என் வலி உங்களுக்கு எதுக்கு. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விக்கிரமங்கலம் போய்விட்டார், நாலு நாள் கழித்துத்தான் வந்தார். இன்னும் நேராகப் பேசுவதில்லை, உப்புப் போதுமா என்று கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். சித்தப்பா இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை, போனுக்காக நாங்கள் அங்கே போனால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். கலியம்மாள் அத்தை, மவனோட சோத்துல மண்ணள்ளிப் போட்டவ என்று மட்டும் சொல்லியனுப்பினாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மலர்கொடி விஷயத்தை நீ அவள் அம்மாவிடம் கேட்காதே, அவளிடமே ஒரு கடிதம் போட்டுக் கேள், உனக்கு வேண்டியவள் அவள்தானே.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், நீ என் பிள்ளை, கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மன்னிப்புக் கேட்டு நான் எழுதப் போவதில்லை. இருபத்திரண்டு வயசில் பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது, அந்த ஆபீஸில் மெஷின் முன் உட்கார்ந்த முதல் பெண் நான், இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருக்கிறது. வீட்டில் இருந்தால் நான் பாவம், கை விளங்காதவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கமலவேணி மேடம். வலித்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை, நடவு நடுகிறவள் இடுப்பைக் கேட்டுப் பார், சொல்வாள். வலிக்கிறது என்றால் முடியாது என்று அர்த்தம் என யார் சொன்னது, முடிகிறது என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தம் என யார் சொன்னது. இரண்டும் என் கையில்தான் இருக்கிறது, இரண்டையும் நான்தான் சொல்வேன்.

நீ ஊருக்கு வர வேண்டும் என்றால் வா. வேலை கிடைத்தால்தான் வருவேன் என்று அங்கே உட்கார்ந்து வேகாதே. ஒப்பந்தம் மாசியில் முடிகிறது, முடிந்ததும் கிளம்பி வெறுங்கையோடு வந்தாலும் வா, டிப்ளமோ இருக்கிறது, சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, பரீட்சைகள் இருக்கின்றன, ஒரு வருஷம் நீ வேலை தேடினால் நான் சோறு போடுகிறேன், அதற்குத்தான் சம்பளத்துக்குப் போகிறேன். என் சுயபுத்தியில் சம்பாதித்த சோற்றை நீ தாராளமாகச் சாப்பிடலாம். என்னை லாயக்கற்றவள் என்று எழுதி வாங்கிய வேலையில் நீ தினமும் போய் உட்கார வேண்டாம் தம்பி, அந்த நாற்காலி உனக்கு உறுத்தும், இன்றைக்கு இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து.

வருகிற தீபாவளிக்கு அங்கே எண்ணெய் கிடைத்தால் தலைக்குத் தேய்த்துக் குளி, உடம்புச் சூடு தணியும். மோரில் உப்புப் போட்டுக் குடி. கூட இருப்பவர்களிடம் சண்டை போடாதே. கல்லங்குறிச்சி கலியபெருமாள் சாமி உன் கூடவே இருப்பார், நீ நூறு வயசு நன்றாக இருப்பாய், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை போன் செய்தால் போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று கேள், யார் என்ன சொன்னாலும் விடாதே. கை எத்தனையில் இருக்கிறது என்று முதலில் கேள். நான் ஒரு நம்பர் சொல்வேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அதை அப்படியே நம்பு. நாளைக் காலை பத்து மணிக்கு டூட்டியில் சேர்கிறேன். இந்தக் கடிதத்தை முடிக்கும்போது வலி ஆறு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ப. கமலவேணி,
தட்டச்சர், தாலுகா ஆபீஸ், அரியலூர்.